பட்டறைத் திண்ணை: நாலு பிள்ளைகள், ஒரு பாட்டி, எந்தக் கார்?

கேள்வி: அண்ணா, நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். நான்கு பிள்ளைகள். பெரியவளுக்கு 12 வயது, அடுத்தவனுக்கு 9, மூன்றாமவளுக்கு 6, கடைக்குட்டிக்கு ஒன்றரை. மூட்டு வலிக்காரரான என் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இத்தனை நாள் ஒரு சின்ன காரை வைத்துச் சமாளித்துவிட்டோம், இனி முடியாது. மாதம் ஒரு முறை திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போய் வருவோம். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன் ரோடு 13 லட்சம் வரை புரட்ட முடியும். இடம் தாராளமாக இருக்க வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது. கணவர் மாருதி எர்டிகா என்கிறார், தம்பி கியா கேரன்ஸ் என்கிறான், பக்கத்து வீட்டுக்காரர் ரெனோ ட்ரைபரே போதும் என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: சகோதரி, மூன்று பேரும் வண்டியின் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நாம் உங்கள் வீட்டு ஆட்களிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு தாளில் ஏழு கட்டம் போடுங்கள். முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, கடைசியில் இரண்டு. இப்போது யார் எங்கே என்று எழுதிப் பாருங்கள்.

மாமியாருக்கு முன் சீட். மூட்டு வலிக்காரர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பவே கூடாது. நடு வரிசையில்கூட இடுப்பைத் திருப்பி ஏற வேண்டியிருக்கும். முன் கதவு அகலமாகத் திறக்கும், சீட்டில் முதலில் உட்கார்ந்து அப்புறம் காலை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடைக்குட்டிக்கு நடு வரிசையில், ஓட்டுநருக்குப் பின்னால், குழந்தை சீட். அவனுக்குப் பக்கத்தில் நடுவில் நீங்கள். இடது ஜன்னலோரம் பெரியவள். கடைசி வரிசையில் ஒன்பது வயதும் ஆறு வயதும்.

குழந்தை சீட்டை ஏன் வலது பக்கம் போடச் சொல்கிறேன் என்றால், கடைசி வரிசைக்குப் போகும் வழியே நடு வரிசையை மடித்துத்தான் கிடைக்கிறது. நம் ஊரில் பிள்ளைகள் இறங்குவது இடது பக்கம், பிளாட்பாரத்தை ஒட்டி. அந்த இடது சீட்டில் குழந்தை சீட்டைப் பூட்டிவிட்டால் அதை மடிக்க முடியாது. பின்னால் இருக்கும் இரண்டு பேரும் வலது கதவு வழியாக, பஸ் உரசிக்கொண்டு போகும் பக்கம் இறங்க வேண்டிவரும். இடது ஜன்னலில் பெரியவள் இருந்தால், அவள் முதலில் இறங்கி, சீட்டை மடித்து, தம்பி தங்கையை இறக்கிவிடுவாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இரண்டு நாளில் பழகிவிடும்.

ஆக, பெல்ட் இல்லாமல் யாரும் இல்லை, மடியில் யாரும் இல்லை. மடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2006ல் ஒரு கல்யாணத்துக்காகத் திருவள்ளூர் போனோம். ஐந்து பேர் வண்டியில் எட்டுப் பேர். ஓட்டியது நான். முன் சீட்டில் என் மனைவி, அவள் மடியில் நாலு வயதான என் அக்கா மகள். ஆவடி தாண்டியதும் ஒரு மொபெட் குறுக்கே வந்தது. வேகம் முப்பது, நாற்பதுக்குள்தான் இருக்கும். பிரேக் அடித்தேன், வண்டி நின்றுவிட்டது. எதிலும் மோதவில்லை, வண்டியில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் என் மனைவியின் இரண்டு கைகளுக்குள்ளிருந்தும் குழந்தை நழுவி, டேஷ்போர்டில் நெற்றி இடித்தது. புருவத்துக்கு மேலே நாலு தையல். இப்போது அவள் வேலைக்குப் போகும் பெண். போட்டோவுக்கு நிற்கும்போது முடியை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

வெறும் பிரேக்குக்கே அப்படி. 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் வந்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 194பி பிரிவு சொல்கிறது. அபராதத்துக்காகச் செய்ய வேண்டாம், அந்தத் தையலுக்காகச் செய்யுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

ட்ரைபர் நம் ஒரகடத்தில் தயாராகும் வண்டி. நான்கு மீட்டருக்குள் ஏழு சீட்டை அடக்கியிருக்கிறார்கள். கடைசி வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம், அப்போது டிக்கி 625 லிட்டர் ஆகிவிடும். குறுகலான தெருவில் நிறுத்த அருமையான அளவு. 2021ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும் வாங்கியது. ஆனால் இன்ஜின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். ஏழு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, மே மாதத்தில் திண்டிவனம் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியை முந்த நினைத்தால் வண்டி மூச்சு வாங்கும். ஏழு சீட்டையும் போட்டுவிட்டால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர்தான், இரண்டு புத்தகப் பையோடு முடிந்துவிடும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்துகொள்வேன். உங்களுக்கு மாதாமாதம் திண்டிவனம் இருக்கிறது, ஏழு பேரும் நிஜமாகவே ஏறப்போகிறீர்கள். அதனால் வேண்டாம்.

எர்டிகாவின் பலம் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும், எந்த ஊரிலும் கிடைக்கும் ஸ்பேர் பார்ட்ஸும். வில்லிவாக்கத்தில் 27 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க வாடகைக்கு ஓடும் எர்டிகாக்கள் ஆயில் மாற்றவும் பிரேக் பேட் மாற்றவும் வந்து அன்றைக்கே போய்விடுகின்றன. நடுவழியில் நிற்காது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? திண்டிவனத்தில் ஏதாவது ஆனாலும் அங்கேயே ஆள் கிடைப்பார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டி 2019ல் குளோபல் என்கேப்பில் 3 நட்சத்திரம் வாங்கியது. 2024ல் ஆப்பிரிக்காவில் விற்கும் எர்டிகாவை, இரண்டு ஏர்பேக்கோடு, இன்னும் கடுமையான விதிப்படி மோதிப் பார்த்தபோது ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. எனவே ஷோரூமில் வாய்வார்த்தையை நம்பாமல், நீங்கள் பதிவு செய்யும் வேரியன்ட்டில் ஆறு ஏர்பேக் இருப்பதை எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேரன்ஸ் எர்டிகாவைவிடக் கொஞ்சம் நீளம், 4540 மில்லிமீட்டர். 2022ல் வந்ததிலிருந்தே ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. குளோபல் என்கேப்பில் அந்த வருடம் அதற்கும் 3 நட்சத்திரம்தான். எனக்கு அதில் பிடித்தது, நடு வரிசை சீட் ஒரு பட்டனைத் தொட்டதும் தானாக மடிந்து முன்னால் கவிழ்வது. எந்த வேரியன்ட்டில் அது வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெரியவள் கைவலி இல்லாமல் செய்வாள்.

விலையில் ஒரு சங்கதி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் சாலை வரி, வண்டி விலை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் வண்டிக்கு 1,81,800. விலையில் வித்தியாசம் இருபதாயிரம், வரியில் ஐம்பத்து மூவாயிரம்! அலாய் வீலுக்கும் பெரிய டச் ஸ்கிரீனுக்கும் ஆசைப்பட்டு அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல குழந்தை சீட் ஒன்றும், ஆறு வயதுக்காரிக்கு பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்) ஒன்றும் வாங்கி, மீதியை இரண்டு வருட சர்வீசுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு: 10 லட்சத்துக்குள் அடங்கும் பெட்ரோல் எர்டிகா, ஆறு ஏர்பேக்கோடு, கியர் வண்டி. கேரன்ஸ்தான் வேண்டும் என்றால் உங்கள் 13 லட்சத்தின் விளிம்பில் நிற்கும். கடனை நீட்டி வாங்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்கு நீங்களும் கணவரும் மட்டும் போகாதீர்கள். மாமியார், நான்கு பிள்ளைகள், இப்போது இருக்கும் குழந்தை சீட், ஊருக்குக் கொண்டு போகும் பைகள், எல்லாம் உங்களோடு வரட்டும். அயனாவரத்திலிருந்து வரும் என் வாடிக்கையாளர் ஒருவர் போன வருடம் அப்படித்தான் போனார். அவருக்கும் நாலு பிள்ளைகள். முதல் வண்டியில் குழந்தை சீட்டைப் பின்நோக்கிப் பூட்டியதும் ஓட்டுநர் சீட்டை முன்னால் தள்ள வேண்டியதாயிற்று. அவர் ஆறடி ஆள், முழங்கால் ஸ்டீரிங்கை முட்டியது. விற்பனைக்காரப் பையன் “குழந்தையை முன்நோக்கிப் போட்டுக்கலாமே சார்” என்றானாம். இரண்டு வயது வரையாவது குழந்தை பின்நோக்கி உட்கார்வதுதான் கழுத்துக்குப் பத்திரம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்ததால், அவர் அந்த வண்டியை விட்டு இறங்கிவிட்டார். உங்கள் கடைக்குட்டிக்கும் ஒன்றரைதான். கணவர் தன் வசதிப்படி சீட்டை வைத்து உட்கார்ந்த பிறகு, பின்னால் குழந்தை சீட் பின்நோக்கி நிற்கிறதா என்று பாருங்கள். நடு சீட்டிலும் உங்கள் தோளைச் சுற்றி வரும் பெல்ட் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். எல்லோரும் பெல்ட் போட்டு, கதவை மூடி, ஏ.சி.யோடு பத்து நிமிடம் உட்காருங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் “காற்று வருதா?” என்று கேளுங்கள்.

டிக்கியைப் பற்றி ஏமாந்துவிட வேண்டாம். ஏழு பேரும் உட்கார்ந்தால் எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216. கெட்டி சூட்கேஸ் ஒன்று நின்றாலே நிறைந்துவிடும். துணிப்பைகளாக எடுத்துப் போங்கள், சந்து பொந்தில் எல்லாம் அடைபடும். ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டையை மேலே கேரியரில் ஏற்ற வேண்டாம். உயரத்தில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். கிளம்பும் முன் டயரில் முழு பாரத்துக்கான காற்று பிடியுங்கள். அந்த அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும்.

கேள்வி: எனக்கும் அண்ணனுக்கும் சேர்த்து ஐந்து பிள்ளைகள், கூட்டுக் குடும்பம். 2013 மாடல் டீசல் இன்னோவா, எட்டு சீட், 2,40,000 கிலோமீட்டர் ஓடியது, ஐந்தரை லட்சத்துக்கு வருகிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், போரூர்

பதில்: இடத்துக்கும் உழைப்புக்கும் பழைய இன்னோவாவை அடிக்க ஆளில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டதும் கிடைக்கும். ஆனால் அந்த விலையில் கிடைக்கும் பத்து வண்டியில் பல வண்டிகள் டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடிப் பிறகு ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாறியவை. அது குற்றமில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். மீட்டர் 2,40,000 காட்டும். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் வலது ஓரம் அமுங்கிப் போயிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களைக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய பில் டைமிங் பெல்ட். இந்த 2.5 லிட்டர் டீசல் இன்ஜினில் அதை ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் வேலைக்கே பெரிய தொகை ஆகிவிடும். பில் இல்லையென்றால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னையில் எத்தனையோ வண்டிகளை மூழ்கடித்தன. கழுவி, பாலிஷ் போட்டு, சென்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கடைசி வரிசை சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். சேற்று நிறத்தில் ஒரு கோடு, அல்லது விறைப்பாக, மாவு போட்டுக் காய்ந்த துணி மாதிரி இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றது. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துருவையும் பாருங்கள். இந்த இரண்டும் போதும், வேறு சோதனை தேவையில்லை, திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு வார்த்தை. 2028ல் வண்டிக்கு 15 வருடம் ஆகிறது, மறுபதிவுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து, பசுமை வரி கட்ட வேண்டும். அதை விலையில் பேசுங்கள். அப்புறம், நடு சீட்டுகளில் இடுப்புக்கு மட்டுமான பெல்ட்டாக இருந்தால் அங்கே பூஸ்டர் போட முடியாது. சின்னப் பிள்ளைகள் ஜன்னலோரத்தில், பெரியவர்கள் நடுவில்.

கேள்வி: ஏழு சீட் வண்டியில் சி.என்.ஜி. எடுத்தால் லாபமா?
— ஒரு வாசகர், மாதவரம்

பதில்: தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் லாபம். ஆனால் எர்டிகா சி.என்.ஜி.யில் சிலிண்டர் உட்காரும் இடம் டிக்கி. ஏழு பேரும் ஏறினால் பைகளை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை வெளியே எடுக்கும் குடும்பத்துக்குப் பெட்ரோலே போதும்.

கேள்வி: எங்கள் தெருவில் மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். புது வண்டியை எப்படிக் காப்பாற்றுவது?
— ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: 2024 அக்டோபரில் உங்கள் பகுதிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியதை நாடே பார்த்தது. வண்டியை மேட்டுக்கு ஏற்றுவதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது. முடியாமல் போய் தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்ததும் ஆசையாக சாவியைத் திருப்பிவிடாதீர்கள். நான் பார்த்த மூழ்கிய வண்டிகளில் இன்ஜின் உடைந்தவை பெரும்பாலும் தண்ணீரால் உடையவில்லை, தண்ணீர் உள்ளே இருக்கும்போது செல்ஃப் எடுத்ததால் உடைந்தவை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள். சாதாரண இன்ஷூரன்ஸ் இந்த இன்ஜின் சேதத்தைத் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. வேளச்சேரிக்காரர் அது இல்லாமல் பாலிசி எடுக்கக் கூடாது.

கேள்வி: பேரனுக்கு ஐந்து வயது. பெல்ட் போட்டாலே அழுகிறான், அதனால் என் மகள் விட்டுவிடுகிறாள். என்ன செய்யலாம்?
— ஒரு தாத்தா, மயிலாப்பூர்

பதில்: ஐயா, முதலில் அவன் ஏன் அழுகிறான் என்று பாருங்கள். இரண்டு காரணம்தான் இருக்கும். பெரியவர்களுக்கான பெல்ட் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கழுத்தில் அறுக்கும். பூஸ்டர் சீட்டில் உட்கார வைத்தால் அவன் உயர்ந்து, பெல்ட் தோள் எலும்பு மேல் வந்துவிடும். வெளியே வேடிக்கையும் தெரியும். இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். மதியம் வெளியே நின்ற வண்டியில் பெல்ட்டின் இரும்பு நாக்கைத் தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். அரை டிராயர் போட்ட பிள்ளையின் தொடையில் அது படுகிறது. ஒரு முறை சுட்டால் போதும், அடுத்த முறை பார்த்தாலே அழுவான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது ஒரு வெள்ளைக் காட்டன் துண்டை பூஸ்டர், பக்கிள் எல்லாம் மறையும்படி போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். திரும்பி ஏறும்போது உங்கள் மகள் முதலில் தன் கையால் தொட்டுப் பார்த்து, அப்புறம் அவனுக்குப் போடட்டும்.